கித்தார் பதிவுக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?

வீட்டில் உட்கார்ந்து கித்தார் வாசித்து, அதை ஒழுங்காகப் பதிவு செய்ய எவ்வளவு பணம் வேண்டும்?

"லட்ச ரூபாய் இல்லாமல் ஆகாது" என்பார் ஒருவர். "செல்போன் இருக்கிறதே, அது போதாதா?" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியல்ல. மணிமங்கலத்திலும் அதன் சுற்று வட்டாரத்திலும் வாடகை அறையில் தங்கி, ஷிப்டு வேலைக்குப் போய் வரும் இளைஞருக்கு, நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்த வழியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மணிமங்கலம் பழைய ஊர். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிக்கொண்ட இடம். கல்கியின் "சிவகாமியின் சபதம்" படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் வாளும் வேலும் இல்லை. கம்பெனி பஸ்கள்தான் ஓடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும், ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடியும் செல்போனும் என்று உலகத்துக்கே சாமான் செய்து அனுப்பும் வட்டாரம் இது.

இதில் சங்கீதத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2015 முதல் நடக்கிறது. அந்த வண்டியின் டாங்கில் ஒரு முத்திரை இருக்கும், கவனித்திருப்பீர்கள். அது மூன்று சுருதிக் கவைகள்! யமஹா என்ற ஜப்பானியர் 1887-ல் ஓர் ஆர்மோனியத்தைப் பழுது பார்க்கப் போய்த் தொடங்கிய தொழில்தான் அது. அதே பெயருள்ள வாத்தியக் கம்பெனி, திருப்போரூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்து, 2019 முதல் கித்தாரும் கீபோர்டும் செய்கிறது. ஆகவே நம் பிள்ளைகள் கையில் கித்தார் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதை வாசிக்க இடமும் நேரமும் கிடைப்பதுதான் ஆச்சரியம்.

இரவு இரண்டு மணிக்கு வாசிக்க முடியுமா?

ஓர் அறையில் நாலு பேர், ஐந்து பேர். ஒருவர் காலை ஷிப்டு, ஒருவர் இரவு ஷிப்டு. எந்த நேரம் பார்த்தாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பெண்கள் விடுதியிலும் இதே கதைதான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். அங்கே ஒரு பெண் கித்தாரை எடுத்து மீட்டினால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் என்ன சொல்வார்?

இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதுதான் நாம் பேசப்போகும் பெட்டி. ஆங்கிலத்தில் ஆடியோ இன்டர்பேஸ் என்று பெயர். கடைகளில் சவுண்டு கார்டு என்றும் சொல்வார்கள். எலக்ட்ரிக் கித்தாரிலிருந்து ஒரு கம்பி இந்தப் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்கு, காதில் ஹெட்போன். வாசிப்பவருக்கு முழு நாதமும் கேட்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தந்தியின் 'டிக் டிக்' சத்தம் தவிர ஒன்றும் கேட்காது.

சௌகரியம் என்றால் இதுதான் சௌகரியம். பதிவு செய்யாவிட்டாலும், சாதகம் செய்யவாவது இந்தப் பெட்டி உதவும்.

நேராகச் செருகினால் என்ன?

"கம்ப்யூட்டரில்தான் மைக் துவாரம் இருக்கிறதே, அதில் கித்தாரை நேராகச் செருகினால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

கித்தாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய கம்பி. அது தரும் மின்சாரம் மிகவும் பலவீனமானது. அதை வாங்கிக்கொள்ளும் துவாரம் அதிகமாக இழுத்தால், மேல் ஸ்வரங்களின் கூர்மை போய்விடும். கம்பளிக்குள் வைத்து வாசித்த மாதிரி கேட்கும். ஆகவே கித்தாருக்கென்று ஏற்பட்ட துவாரம் சுமார் 10 லட்சம் ஓம் தடை உள்ளதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் சாதாரண துவாரத்தில் அது சில ஆயிரம் ஓம்தான்.

பெட்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். துவாரத்துக்குப் பக்கத்தில் "இன்ஸ்ட்" என்றோ "ஹை-இசட்" என்றோ எழுதியிருக்கும். சிலவற்றில் கித்தார் படமே போட்டிருக்கும். அது இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு வண்ண விளக்குகளோடு ஒரு பெட்டி விற்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் கைதட்டல். இன்னொன்றை அமுக்கினால் சிரிப்பு. செல்போனில் நேரலை பேசுகிறவர்களுக்காக அமைந்த சாமான் அது. கித்தார்க்காரர் அதை வாங்கினால், கைதட்டல் மட்டும்தான் மிச்சம்!

எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "192 கிலோ ஹெர்ட்ஸ்" என்று அச்சடித்திருப்பார்கள். 44.1 என்பது கஞ்சத்தனம், 96 என்பது பரவாயில்லை, 192 என்பது ராஜபோகம் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார்.

விஷயம் அப்படியில்லை. விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து குறித்துக்கொள்கிறது என்பதுதான் அந்த எண். விநாடிக்கு 44,100 தடவை அளந்தால், 22,050 அதிர்வு வரை உள்ள ஒலியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். மனிதக் காதின் எல்லையோ சுமார் 20,000 அதிர்வு. வயது ஏற ஏற அதுவும் குறையும். இயந்திரச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்பவருக்கு இன்னும் குறையும். 1982-ல் காம்பாக்ட் டிஸ்க் வந்தபோது 44,100 என்று வைத்தது இந்தக் கணக்கில்தான். கித்தாரில் ஆகத் தடித்த தந்தியின் அதிர்வு 82. எலக்ட்ரிக் கித்தாரின் ஸ்பீக்கர் ஐயாறாயிரம் அதிர்வுக்கு மேலே பெரும்பாலும் ஊமையாகிவிடும். பிறகு யாருக்காக 192? வௌவாலுக்கா?

செலவு மட்டும் ஏறும். 24 பிட்டில் ஒரு நிமிஷம், ஒரு கித்தார் பதிவு செய்தால், 44.1-ல் சுமார் 8 மெகாபைட் இடம் பிடிக்கும். 192-ல் சுமார் 35 மெகாபைட். பழைய லாப்டாப் மூச்சுத் திணறும்.

பிட் எண்ணிக்கையில் மட்டும் கொஞ்சம் கவனம் வைக்கலாம். 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. வீட்டுக்கு அது போதும். ஆனால் 24 பிட் இருந்தால், ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தே தாராளமாகப் பதிவு செய்யலாம்; திடீரென்று பலமாக மீட்டினாலும் உடைந்து போகாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது உதவி. இருநூறு முந்நூறு ரூபாய் வித்தியாசத்தில் கிடைத்தால் 24 பிட்டையே வாங்கலாம்.

தாமதம் என்ற தலைவலி

உண்மையான தலைவலி வேறு. நீங்கள் தந்தியை மீட்டுகிறீர்கள். ஒலி பெட்டிக்குள் போய், எண்ணாக மாறி, கம்ப்யூட்டருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஒலியாகிக் காதுக்கு வருகிறது. இந்தப் பயணத்துக்கு நேரம் ஆகிறது. இதைத்தான் லேட்டன்சி என்கிறார்கள்.

விநாடியில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லி விநாடி தாமதம் என்றால் கவலையில்லை. காற்றில் ஒலி அந்த நேரத்தில் சுமார் 11 அடி போகும். பதினொரு அடி தள்ளி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வாசிப்பது போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் எல்லோரும் செய்வதுதான். அதுவே 40, 50 மில்லி விநாடி ஆனால், தாளம் கையை விட்டு நழுவும். வாசிப்பவர் தன் கையைச் சந்தேகிப்பார். குற்றம் கையில் இல்லை. பெட்டியின் டிரைவரில் இருக்கிறது.

டிரைவர் என்பது பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் மென்பொருள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் "ஆசியோ" என்ற முறையில் அமைந்த டிரைவர் வேண்டும். ஸ்டெய்ன்பர்க் என்ற ஜெர்மன் கம்பெனி 1997-ல் கொண்டுவந்த முறை இது. இந்த ஸ்டெய்ன்பர்க்கும் 2005 முதல் யமஹாவின் கையில் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

ஆகவே இரண்டாவது பரீட்சை: "இந்தப் பெட்டிக்குக் கம்பெனியே ஆசியோ டிரைவர் கொடுக்கிறதா?" என்று கடையில் கேளுங்கள். இல்லை என்றால், பொதுவாகக் கிடைக்கும் இலவச டிரைவரைப் போட்டு ஓட்டலாம். ஓடும். ஆனால் அவ்வப்போது மக்கர் பண்ணும். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

மூன்றாவது, "டைரக்ட் மானிட்டர்" என்ற பொத்தான். அதை அமுக்கினால், கம்ப்யூட்டரைச் சுற்றி வராமல் கித்தார் ஒலி நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதமே இல்லை. குரலையும் சாதாரண கித்தாரையும் பதிவு செய்ய இது கைகண்ட மருந்து.

"ஙொய்" என்ற சத்தம்

பெட்டி வாங்கி மாட்டியதும் பலருக்கு முதலில் கேட்பது சங்கீதம் அல்ல. "ஙொய்" என்ற இரைச்சல்தான். உடனே பெட்டியைக் குறை சொல்வார்கள். திருப்பிக் கொடுத்து, அதைவிட விலை கூடிய பெட்டி வாங்குவார்கள். அதிலும் "ஙொய்"!

பெரும்பாலும் குற்றம் சுவரில் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுவது. வாடகைக்கு விடுவதற்கென்று அவசரமாகக் கட்டிய அறைகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்கு எர்த் கம்பி போயிருக்குமா என்பது சந்தேகம். இரைச்சலுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் அது ஆபத்து. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தப் பெட்டி வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு இது. வீட்டுக்காரரிடம் உரிமையோடு கேட்கலாம்.

செலவில்லாத ஒரு யுக்தியும் உண்டு. லாப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், குற்றவாளி சார்ஜர். பெட்டிக்குத் தனி மின்சாரம் வேண்டாம், யு.எஸ்.பி. கம்பியிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். பிறகு, டியூப் லைட்டையும் கம்ப்யூட்டர் திரையையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கித்தாரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். மைக் வைத்துச் சாதாரண கித்தாரைப் பதிவு செய்பவர்கள் மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சித்திரை மாதத்தில் அது தவம்தான்!

எந்தப் பெட்டி?

இனி நேராக விஷயத்துக்கு வருவோம். விலை அடிக்கடி மாறும். ஆகவே நான் சொல்வது சுமாரான கணக்கு.

ஐயாயிரம் ரூபாயைச் சுற்றி: பெரிஞ்சர் கம்பெனியின் யு.எம்.2 போன்றவை. ஒரு மைக், ஒரு கித்தார் செருகலாம். டைரக்ட் மானிட்டர் உண்டு. 48 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. கம்பெனியின் சொந்த ஆசியோ டிரைவர் கிடையாது. தனியாகக் கித்தார் பழகுபவருக்கு இது ஆரம்பப் பள்ளிக்கூடம்.

பத்தாயிரத்தைச் சுற்றி: அதே கம்பெனியின் யு.எம்.சி.202 எச்.டி. போன்றவை. இரண்டு துவாரங்கள், இரண்டிலும் மைக்கோ கித்தாரோ எது வேண்டுமானாலும் செருகலாம். 24 பிட். சொந்த டிரைவர் உண்டு.

அதற்கு மேலே: போகஸ்ரைட் கம்பெனியின் ஸ்கார்லெட் வரிசை. ரூபர்ட் நீவ் என்ற நிபுணர் 1985-ல் தொடங்கிய கம்பெனி அது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்குக் கருவி செய்து கொடுத்த பெருமை அதற்கு உண்டு. சாமான் நன்றாக இருக்கிறது. சந்தேகமில்லை.

என்னுடைய கட்சி இதுதான்: கித்தார் மட்டும் என்றால் ஐயாயிரத்துப் பெட்டி போதும். பாடிக்கொண்டே வாசிப்பவர், அல்லது நண்பரோடு சேர்ந்து வாசிப்பவர், சில மாதம் பொறுத்து, இரண்டு துவாரமுள்ள பத்தாயிரத்துப் பெட்டியை வாங்கட்டும். அதற்கு மேலே போக வேண்டாம். பன்னிரண்டாயிரத்துப் பெட்டிக்கும் இருபதாயிரத்துப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் ஹெட்போனோ அறையோ நம்மிடம் இல்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். புதுத் தந்தி மாட்டுங்கள். துருப்பிடித்த தந்தியை எந்தப் பெட்டியும் பொன்னாக்காது.

"48 வோல்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அது கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுப்பதற்கு. கித்தாரை நேராகச் செருகுபவருக்கு அது தேவையில்லை. அதற்காகக் கூடுதல் பணமும் தேவையில்லை.

மென்பொருளுக்கும் அலைய வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ஆப்பிள் கருவிகளில் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பர் என்பதை 60 நாள் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டலாம். திருட்டு மென்பொருளைப் போட்டு, அதோடு வைரஸையும் அழைத்து வருவானேன்?

கடைக்குப் போனால், கித்தாரையும் லாப்டாப்பையும் கையோடு கொண்டு போங்கள். 1842 முதல் சென்னையில் நடந்துவரும் மியூஸி மியூசிகலானாலும் சரி, ரிச்சி தெருவின் சிறு கடையானாலும் சரி, மாட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பில்லும் உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் வாங்காதீர்கள்.

தவணை வேண்டாம்

"மலிவு சாமான் சீக்கிரம் கெட்டுவிடும், ஒரே தடவையாக நல்லதாக வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். சொந்த வீடும் நிரந்தர வேலையும் உள்ளவருக்கு அது நல்ல யோசனை. ஆனால் நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சியாளர்கள். இன்றைக்கு இருக்கும் வேலை அடுத்த வருஷம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கடையில் "மாதம் ஆயிரத்தைந்நூறுதான்" என்பார்கள். வேலை போனாலும் அந்த ஆயிரத்தைந்நூறு போகாது.

கடைசியில் என்ன நடக்கும்? தவணைக்குப் பயந்து ஓவர்டைம் பார்ப்பார். ஓவர்டைம் பார்ப்பவருக்குக் கித்தாரைத் தொட நேரம் இராது. பெட்டி மட்டும் அலமாரியில் மினுமினுக்கும். ஐயாயிரத்துப் பெட்டி கையிருப்புப் பணத்தில் வந்தது என்றால், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஊருக்குத் திரும்பிப் போக நேர்ந்தாலும், பைக்குள் போட்டு எடுத்துப் போகலாம்.

பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள்?

அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கித்தார் மேதை 1940-களில் தன் வீட்டுக் கராஜிலேயே ஒலிப்பதிவு செய்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். ஏ. ஆர். ரஹ்மான் 1989-ல் தம் வீட்டுப் பின்புறத்தில் பதிவுக்கூடம் அமைத்தார். "ரோஜா" பாடல்கள் 1992-ல் வெளிவந்தன. அன்றைக்கு அது பெருஞ்செலவு. இன்றைக்கோ ஸ்டீவ் லேசி என்ற இளைஞர், ஐபோனில் ஒரு சின்ன இணைப்பைச் செருகிக் கித்தாரைப் பதிவு செய்தே 2017-ல் புகழ் பெற்றுவிட்டார். கருவி சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. விலையும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

நம் பிள்ளைகள் நாள் முழுக்கச் செய்யும் சாமானில் அவர்கள் பெயர் இருக்காது. காரில் கம்பெனி பெயர். செல்போனில் கம்பெனி பெயர். ஒரு மெட்டு மட்டும் அப்படியல்ல. அது மீட்டியவருக்குச் சொந்தம். அந்த மெட்டு அறைக்குள்ளேயே கரைந்துவிடாமல் பிடித்து வைக்க ஐயாயிரம் ரூபாய் போதும் என்றால், அதைச் செலவு செய்யலாம். ஐம்பதாயிரம் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால், அவரிடம் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்!